புதுநிலம் தேடியோர் கதைகள்
நண்பர்கள் கூடிப் படித்த ஐந்து நாவல்கள்

நூல் ஒன்றைத் தனியே படிப்பது ஒருவகை இன்பம். நால்வர் கூடிப் படித்து, படித்ததைப் பற்றி உரையாடுவது வேறொரு வகை இன்பம். தனியே படிக்கும்போது நமக்குப் பிடித்த பக்கங்களில் தங்கி, பிடிக்காத பக்கங்களைத் தாண்டிவிடுகிறோம். கூடிப் படிக்கும்போதோ, நாம் தாண்டிய பக்கத்தை இன்னொருவர் விரித்து வைத்து, “இதைக் கவனித்தீர்களா?” என்று கேட்கிறார். அக்கேள்விக்காகவே நண்பர் கூட்டம் வேண்டும்.

எங்கள் சிறு வாசகர் வட்டத்தில் அறுவர் இருக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், செவிலியர் ஒருவர், அச்சுக்கூடத்தில் பணிபுரிபவர் ஒருவர், ஒரு தம்பதியர், இதை எழுதும் பொறுப்பை ஏற்றவர் ஒருவர். மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடுகிறோம். ஆங்கிலம் படிக்க இயலாதவருக்காக, படித்தவர் அதிகாரம் அதிகாரமாகக் கதையைத் தமிழில் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். கதை சொல்பவரும் கேட்பவரும் சமமான வாசகர்களே என்பது எங்கள் அனுபவம். கேட்டவர் எழுப்பும் ஐயங்கள் பலவேளை படித்தவருடைய ஐயங்களினும் கூர்மையாய் இருந்திருக்கின்றன.

கடந்த சில மாதங்களாக, வட அமெரிக்கக் கண்டத்தில் மக்கள் புதுநிலம் தேடிச் சென்று பட்ட இன்னல்களைச் சொல்லும் நாவல்களைப் படித்து வந்தோம். அவ்வாசிப்பில் கிடைத்தவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நூல்களைத் தேர்ந்த விதம்

எல்லைப்புற வாழ்வு என்றதும் குதிரைவீரனும் துப்பாக்கியும் நினைவுக்கு வருவது இயல்பு. திரைப்படங்கள் நமக்குத் தந்த படம் அது. அத்தகைய நூல்களை நாங்கள் விலக்கினோம். ஆசிரியர் தாம் எழுதும் நிலத்தை அறிந்தவராய் இருத்தல் வேண்டும். கதை வீரச்செயலைவிட வீட்டு வாழ்வைப் பற்றியதாய் இருத்தல் வேண்டும் என்ற இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டோம்.

இவ்விதிகளின்படி முதலில் நான்கு நூல்கள் அமைந்தன. பிரெஞ்சு எழுத்தாளர் லூயி எமோன் 1912-ஆம் ஆண்டில் கனடாவின் பெரிபோங்கா என்னும் சிற்றூரில் பண்ணையாளாக உழைத்தவர். அவ்வனுபவத்தில் பிறந்தது ‘மரியா ஷப்தலேன்’. வில்லா கேதர் தம் ஒன்பதாம் வயதில், 1883-இல், பெற்றோருடன் நெப்ராஸ்கா மாநிலத்துப் புல்வெளியில் குடியேறியவர்; அவர் எழுதியது ‘என் ஆன்டொனியா’. ஓலே ரோல்வாக் நார்வே நாட்டின் மீனவக் குடும்பத்தில் பிறந்து 1896-இல் அமெரிக்கா சென்றவர். முதற் குடியேறிகளின் வரலாற்றைத் தம் மனைவியின் குடும்பத்தார் வாயிலாகக் கேட்டறிந்து எழுதியது ‘மண்ணில் இராட்சதர்’. லாரா இங்கல்ஸ் வைல்டர் தம் சிறுவயதில் தாமே பட்ட துன்பத்தைத் தம் எழுபதுகளில் எழுதினார். அது ‘நீண்ட குளிர்காலம்’. ஐந்தாவது நூல் எவ்வாறு சேர்ந்தது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

நூற்றறுபது ஏக்கர்

கதைகளுக்குள் புகுமுன் ஒரு சட்டத்தை அறிந்துகொள்வது நலம். 1862-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் குடியேற்ற நிலச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இருபத்தொரு வயது நிறைந்தவர் அல்லது குடும்பத் தலைவர் எவரும், குடிமகனாகவோ குடியுரிமை பெற விரும்புபவராகவோ இருந்தால், சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் நிலத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஐந்து ஆண்டுகள் அந்நிலத்திலேயே குடியிருந்து பயிர் செய்தால் அது அவருக்கே சொந்தம். விதவைகளும் மணமாகாத பெண்களும்கூட இவ்வுரிமையைப் பெற்றனர். இச்சட்டத்தின்கீழ் காலப்போக்கில் ஏறக்குறைய 16 லட்சம் பேருக்கு, 27 கோடி ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது.

ஐரோப்பாவில் காணி நிலமும் இல்லாத உழவனுக்கு இது கேட்பதற்கே இனிய செய்தி. ஆயினும், நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையில் பெருந்துன்பம் மறைந்திருந்தது. நூற்றறுபது ஏக்கர் என்பது பக்கத்துக்கு அரை மைல் நீளமுள்ள சதுரம். ஒவ்வொரு குடும்பமும் தன் சதுரத்துக்குள் வீடு கட்டியாக வேண்டும். ஆகவே, கோயிலைச் சுற்றி வீடுகள் நெருங்கியிருக்கும் ஊர் அங்கே தோன்றவில்லை. கூப்பிட்டால் ஓடிவர அண்டை வீடு இல்லை. நார்வேயிலும் பொகீமியாவிலும் ஊரோடு வாழ்ந்து பழகியவர்கள், திடீரென்று தனித்தனியே சிதறுண்டனர். இந்நாவல்களில் வரும் துயரங்களுள் பாதி, பனியாலும் வறட்சியாலும் வந்தவை. மறுபாதி இத்தனிமையால் வந்தவை.

புல்வெளியில் மரம் அரிது. எனவே புல்லையும் வேரையும் மண்ணோடு சேர்த்துக் கட்டிகளாக வெட்டி, செங்கல்போல் அடுக்கி வீடு கட்டினர். மழை பெய்தால் கூரை ஒழுகும். வெயிலில் மண் உதிரும். அடுப்பெரிக்க உலர்ந்த சாணமும் முறுக்கிய புல்லும் பயன்பட்டன. 1870-களில் வெட்டுக்கிளிக் கூட்டம் மேகம்போல் இறங்கி விளைந்த பயிரைத் தின்று தீர்த்தது. வியப்பு யாதெனில், அவ்வளவு பெருகியிருந்த அந்த மலைநாட்டு வெட்டுக்கிளி இனம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகினின்றே அற்றுப்போயிற்று.

காட்டில் ஒரு செபம்

முதலில் எடுத்த நூல் ‘மரியா ஷப்தலேன்’. இது கனடாவின் கியூபெக் மாநிலத்தில், பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் கதை. தந்தை சாமுவேல் காட்டை வெட்டித் திருத்துவதில் பேரார்வம் கொண்டவர். ஓரிடம் திருந்தி, அண்டை அயலார் வந்து சேர்ந்ததும், அதை விற்றுவிட்டு மீண்டும் காட்டுக்குள் நுழைவார். தாய் லாராவோ, கோயிலுக்கு அருகில், மனிதர் நடமாடும் பழைய பங்கொன்றில் வாழ ஆசைப்பட்டவர். அவ்வாசை நிறைவேறாமலே அவர் காலம் முடிகிறது. மனைவி இறந்த இரவில்தான் சாமுவேல் அவர் இழந்ததையெல்லாம் எண்ணிப் பார்க்கிறார்.

மகள் மரியா, காடுகளில் உழைக்கும் பிரான்சுவா என்னும் இளைஞனை விரும்புகிறாள். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாளில் ‘அருள்நிறைந்த மரியே’ செபத்தை ஆயிரம் முறை சொல்லி மன்றாடினால் கேட்டது கிடைக்கும் என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை. வீட்டு வேலைகளுக்கிடையே, எண்ணிக்கை தவறாமல், மரியா ஆயிரமும் சொல்லி முடிக்கிறாள். அவன் நலமாய்த் திரும்ப வேண்டும் என்பதே அவளது மன்றாட்டு. ஆனால் அவளைக் காணவே புறப்பட்ட அவன், பனிப்புயலில் வழிதவறிக் காட்டில் மாண்டுபோனான் என்ற செய்தி சில நாட்களில் வந்து சேர்கிறது.

எங்கள் கூட்டத்தில் நெடுநேரம் மௌனம் நிலவியது இவ்விடத்தில்தான். ஆயிரம் செபங்களும் வீணா? தம்பதியருள் மனைவி, தம் தாயார் நோயுற்றிருந்தபோது தாம் சொன்ன செபமாலைகளை நினைவுகூர்ந்தார். “எண்ணிக்கை கூடினால் இறைவன் கடன்பட்டவர் ஆகிவிடுவாரா என்ன?” என்று ஆசிரியை கேட்டார். அதற்கு அவர், “இல்லை டீச்சர். ஆனால் எண்ணிக்கொண்டு இருந்ததால்தான் அந்த நாட்களை என்னால் கடக்க முடிந்தது” என்றார். இவ்விடையைவிடச் சிறந்த விடை எங்களுக்குக் கிடைக்கவில்லை. எமோனும் நாவலில் விளக்கம் எதுவும் தரவில்லை. மரியா தொடர்ந்து வாழ்வதை மட்டுமே காட்டுகிறார். நகர வாழ்வுக்கு அழைப்பவனை மறுத்து, அண்டை நிலத்து ஏழை உழவனை மணக்க அவள் இசைவதோடு கதை முடிகிறது.

இந்நூலின் ஆசிரியர் தம் புகழைக் காணவில்லை. 1913-ஆம் ஆண்டு ஜூலையில், தம் முப்பத்திரண்டாம் வயதில், ஒன்டாரியோ மாநிலத்தில் புகைவண்டி மோதி மாண்டார். அடுத்த ஆண்டே பாரிஸ் இதழ் ஒன்றில் நாவல் தொடராக வெளிவந்தது. 1916-இல் மான்ட்ரியாலில் நூலாயிற்று.

நாற்சந்தியில் ஒரு கல்லறை

அடுத்தது 1918-இல் வெளிவந்த ‘என் ஆன்டொனியா’. பொகீமியாவிலிருந்து வந்த ஷிமெர்டா குடும்பம் நெப்ராஸ்காவில் இருண்ட நிலவறை வீட்டில் வாழ்கிறது. விலை அறியாமல் மிகுந்த பணம் கொடுத்து நிலம் வாங்கி ஏமாந்தவர்கள். தந்தை ஷிமெர்டா நெசவும் வயலினும் அறிந்தவர்; ஏர் பிடித்து அறியாதவர். மொழி இல்லை, நண்பர் இல்லை, வாசிக்க மனமும் இல்லை. முதற் குளிர்காலத்திலேயே, நடுப்பனியில், கொட்டிலுக்குள் சென்று தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறார்.

அதன்பின் எழும் கேள்வியே எங்களை உலுக்கியது: அவரை எங்கே அடக்கம் செய்வது? கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தற்கொலை செய்தவருக்கு இடமில்லை. அருகிலிருந்த நார்வேயரின் கல்லறையிலும் இடம் மறுக்கப்படுகிறது. இறுதியில் அவருடைய நிலத்தின் மூலையிலேயே, பின்னாளில் இரு சாலைகள் சந்திக்கவிருந்த இடத்தில் அடக்கம் செய்கின்றனர். அண்டை வீட்டுப் புராட்டஸ்டாண்ட் முதியவர் முழங்காலிடாத குறையாக மன்றாடி அவரை இறைவனிடம் ஒப்படைக்கிறார். ஆண்டுகள் பல சென்று சாலை போடப்பட்டபோது, அது கல்லறையின்மேல் செல்லாமல் சற்றே வளைந்து செல்கிறது. உழவும் அரிவாளும் படாத புல், அந்தச் சிறு இடத்தில் மட்டும் உயர்ந்து நிற்கிறது.

இது கற்பனை மட்டுமன்று. கேதர் சிறுமியாய் இருந்தபோது அறிந்த பொகீமியக் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்த துயரமே இதற்கு அடிப்படை. ஆன்டொனியாவும் அவ்வீட்டு மகளை மனத்திற்கொண்டு படைக்கப்பட்டவளே.

நாங்கள் திருச்சபையின் சட்டத்தையும் தேடிப் பார்த்தோம். மனமறிந்து தற்கொலை செய்தோர்க்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு கூறியது. 1983-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில், அடக்கம் மறுக்கப்பட வேண்டியோர் பட்டியலில் அவர்கள் இடம்பெறவில்லை. 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல், கடுமையான மனக்கலக்கமும் வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், தம் உயிரை மாய்த்துக்கொண்டோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் போதிக்கிறது. சட்டம் மாறிவிட்டது, நம் நாவுகள் மாறிவிட்டனவா? அத்தகைய துயரம் நேர்ந்த வீட்டின் வழியே செல்லும்போது நாம் சாலையை வளைத்துக்கொள்வது மரியாதையாலா, அருவருப்பாலா? இக்கேள்வியை அச்சுக்கூட நண்பர் கேட்டார். தம் உறவினர் ஒருவரின் அடக்கத்துக்கு ஊரார் வராமற்போனதை அவர் மறக்கவில்லை.

ஆன்டொனியாவின் பிற்கால வாழ்வு நாவலின் ஒளி. ஆணுக்கு நிகராக ஏர் உழுகிறாள். நகரில் பணிப்பெண்ணாக உழைக்கிறாள். நம்பியவனால் கைவிடப்பட்டுக் குழந்தையோடு ஊர் திரும்புகிறாள். அக்குழந்தையை அவள் மறைக்கவில்லை; பெருமையோடு வளர்க்கிறாள். பின்னர் நல்லவர் ஒருவரை மணந்து, பெரிய குடும்பத்தின் தாயாகிறாள். பல்லெல்லாம் போய், முகம் கருத்து, உடல் தேய்ந்த பின்னும் அவளிடம் உயிர்த்துடிப்பு குன்றவில்லை. பழங்கள் சேமித்த நிலவறையிலிருந்து அவளுடைய மக்கள் ஒருவர்பின் ஒருவராய் வெயிலுக்கு ஓடிவரும் காட்சி படித்தோர் மறவாதது. தந்தை இருண்ட நிலவறையில் நம்பிக்கை இழந்தார். மகளின் நிலவறையோ நிறைவின் களஞ்சியம்.

பேரெட்டின் பெட்டி

எங்களிடையே மிகுந்த வாதத்தை எழுப்பியது ரோல்வாகின் நாவல். நார்வே மொழியில் 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்து, 1927-இல் ஆங்கிலமாயிற்று. 1873-இல் டகோட்டாப் புல்வெளிக்கு வரும் பெர் ஹான்சாவும் அவன் மனைவி பேரெட்டும் கதையின் இரு துருவங்கள். அவன் ஒவ்வொரு நாளும் புதுத் திட்டத்தோடு எழுகிறான். நிலம் அவனுக்கு ஓர் அரசு. அவளுக்கோ, மறைந்துகொள்ள ஒரு மரமும் இல்லாத அவ்வெளியே அச்சம். பெற்றோரை விட்டு வந்ததும், திருமணத்துக்கு முன்பே கருவுற்றதும் பாவமாய் அவள் நெஞ்சை அறுக்கின்றன. வரும் துன்பமெல்லாம் தண்டனை என எண்ணுகிறாள். வெட்டுக்கிளிகள் இறங்கிய நாளில், கணவன் வீடு திரும்பியபோது கதவு அடைபட்டிருக்கிறது. அவள் குழந்தைகளுடன், முன்னோர் வழிவந்த பெரிய மரப்பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறாள். பின்னர் ஊர்சுற்றி வரும் போதகர் ஒருவர் அக்குடிசையில் வழிபாடு நடத்துகையில், அதே பெட்டியைத் திருப்பந்தியின் மேசையாக்குகிறார். அவள் உள்ளத்தில் மெல்ல அமைதி திரும்புகிறது.

ஆனால் முடிவு கொடியது. நண்பன் ஹான்ஸ் ஓல்சா மரணப் படுக்கையில் போதகரை விரும்புகிறான். வெளியே கடும் பனிப்புயல். போய் அழைத்து வரவேண்டும் என்று பேரெட் வற்புறுத்துகிறாள். போவது சாவு என்று அறிந்தும் பெர் ஹான்சா புறப்படுகிறான். வசந்தத்தில், வைக்கோற்போர் ஒன்றில் சாய்ந்து, மேற்கு நோக்கி அமர்ந்த நிலையில் அவன் உடல் காணப்படுகிறது.

பேரெட் செய்தது சரியா? தம்பதியருள் கணவர், “ஆன்மாவின் பெயரால் ஓர் உயிரைப் பலியிட்டாள், இரக்கமில்லாத பக்தி பக்தியாகாது” என்று வன்மையாகக் கூறினார். ஆசிரியை, இறப்பவனுக்குக் கடைசி ஆறுதல் வேண்டும் என்று அவள் தவித்ததில் குற்றம் காண மறுத்தார். அப்போது செவிலியர் சொன்னது வாதத்தைத் திசைதிருப்பிற்று: “அவளுக்கு மனநோய் வந்தது முதல் குளிர்காலத்தில், அக்கா. அப்போதே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்தக் கடைசி நாள் வந்திருக்காது. குழந்தை பெற்ற பிறகு பேச்சுக் குறைந்துபோன எத்தனையோ பெண்களை நாங்கள் பார்க்கிறோம். வீட்டார் சொல்வது, ‘அவள் சுபாவமே அப்படி’ என்பதுதான்.”

பெர் ஹான்சா தீயவன் அல்லன். மனைவியை உயிராய் நேசித்தவன். தன் கனவு அவளுடைய கனவும்தான் என்று எண்ணியதே அவன் தவறு. கனடாவின் சாமுவேலிடமும் இதே தவறு இருந்தது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. செல்வதா இல்லையா என்று முடிவெடுக்கும் இரவில் இருவருடைய குரலும் கேட்கப்படுகிறதா?

கோதுமைக்கு என்ன விலை?

‘நீண்ட குளிர்காலம்’ 1940-இல் வெளிவந்தது. ஆசிரியை வைத்த பெயர் ‘கடுங்குளிர்காலம்’ என்பது. சிறுவர்க்கு அச்சம் தரும் என்று பதிப்பகத்தார் மாற்றினர். 1880 அக்டோபரில் முதற் பனிப்புயல் டகோட்டாவைத் தாக்கியது. அடுத்தடுத்து வந்த புயல்களால் இருப்புப்பாதை பனியில் புதையுண்டு, 1881 வசந்தம் வரை டெ ஸ்மெட் என்ற ஊருக்குப் புகைவண்டி வரவில்லை. பூர்வகுடி மக்களிடையே உழைத்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் துறவி பியேர் ஜான் டெ ஸ்மெட்டின் பெயரையே அவ்வூர் தாங்கியுள்ளது.

நிலக்கரி தீர்ந்தது, உலர்புல்லைக் கைநோக முறுக்கி எரித்தனர். மாவு தீர்ந்தது, காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு இயந்திரத்தில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டனர். நாள் முழுதும் ஒருவர் மாற்றி ஒருவர் அரைத்தால்தான் அன்றைய உணவு. கோதுமையும் தீரும் நிலையில், அல்மான்சோ, கேப் கார்லண்ட் என்னும் இரு இளைஞர்கள், எங்கோ ஓர் உழவனிடம் தானியம் இருப்பதாய்க் கேள்வியுற்று, உயிரைப் பணயம் வைத்துச் சென்று வாங்கி வருகின்றனர். பணம் கொடுத்தவர் கடைக்காரர் ஒருவர். மரக்கால் ஒன்றரை டாலருக்கும் குறைவாக வாங்கியதை, அவர் மூன்று டாலருக்கு விற்கத் தொடங்குகிறார். சென்று வந்த இளைஞர்களோ கூலி வாங்கவில்லை.

பசித்த ஊர் கொதித்தெழுகிறது. அப்போது லாராவின் தந்தை நிதானமாகப் பேசுகிறார். கடைக்காரருக்குத் தம் பொருளை விற்கும் உரிமை உண்டு. அவ்வாறே ஊராருக்கும் வசந்தம் வந்தபின் வேறு கடைக்குச் செல்லும் உரிமை உண்டு என்று எடுத்துரைக்கிறார். கடைக்காரர் வாங்கிய விலைக்கே தர இசைகிறார். பின்னர் ஒவ்வொரு குடும்பத்தின் தேவைக்கேற்பத் தானியம் பங்கிடப்படுகிறது. கடைசிப் புடைத்தேவையில் பொருள்கள் அனைவர்க்கும் பொதுவாகின்றன என்று புனித தோமா அக்குவினார் எழுதியதை ஆசிரியை நினைவூட்டினார். அக்குளிர்காலத்தில் பதினான்கு வயது நிறைந்த லாரா, தோமாவைப் படித்திருக்கமாட்டாள். ஆனால் அரைபடும் கோதுமையின் ஓசையோடு அப்பாடத்தை அறிந்துகொண்டாள்.

எங்கள் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்ட ஏற்றது இந்நூலே. அதிகமாகச் சொல்லப்படாமலே பொறுமை அதில் கற்பிக்கப்படுகிறது.

நிலம் யாருடையது?

நான்கு நூல்களும் முடிந்தபின், எங்களுள் ஒருவர் கேட்டார்: “இந்த நூற்றறுபது ஏக்கரை அரசு யாரிடமிருந்து பெற்றது?” நால்வகைக் கதைகளிலும் உழைப்பைக் கண்டு நெகிழ்ந்த எங்களுக்கு, இக்கேள்வி தேவையாய் இருந்தது.

விடை நாவல்களிலேயே அங்கங்கே கிடக்கிறது. பெர் ஹான்சா தன் நிலத்துக் குன்றின்மேல் பூர்வகுடியினர் ஒருவரின் கல்லறையைக் காண்கிறான். பிறர்க்குச் சொல்லாமல் விடுகிறான். லாராவின் குடும்பம் 1869 முதல் 1871 வரை கான்சாஸ் மாநிலத்தில் வீடு கட்டி வாழ்ந்த இடம், ஓசேஜ் மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம். அக்காலத்தைச் சொல்லும் ‘புல்வெளியில் சிறுவீடு’ 1935-இல் வெளியானபோது, அங்கே மனிதர் எவரும் இல்லை, செவ்விந்தியரே இருந்தனர் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் இருந்தது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியபின், 1950-களில் ‘மனிதர்’ என்ற சொல் ‘குடியேறியோர்’ என்று திருத்தப்பட்டது. 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு, வைல்டரின் பெயரால் வழங்கிய விருதின் பெயரையே மாற்றிக்கொண்டது.

ஆகவே ஐந்தாவது நூலாக, லூயிஸ் எர்ட்ரிக் 1999-இல் எழுதிய ‘பூர்ச்சமரப்பட்டை வீடு’ என்னும் நாவலைச் சேர்த்தோம். எர்ட்ரிக் ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்தவர். 1847-இல், சுப்பீரியர் ஏரியிலுள்ள தீவொன்றில் வாழும் ஒமக்காயாஸ் என்ற ஏழு வயதுச் சிறுமியின் ஓராண்டு வாழ்வே கதை. அவளுக்கும் அன்பான பாட்டி, குறும்புத் தம்பி, மேப்பிள் மரத்தில் சர்க்கரை இறக்கும் வசந்தம் எல்லாம் உண்டு. வெளியிலிருந்து வந்த ஒருவன் வழியாகப் பெரியம்மை நுழைகிறது. குடும்பம் முழுவதும் படுக்க, அவளும் பாட்டியும் இரவும் பகலும் பணிவிடை செய்கின்றனர். அவள் கண்போல் வளர்த்த குட்டித் தம்பி அவள் கையிலேயே இறக்கிறான்.

லாராவின் குடும்பம் மேற்கே நகர்ந்தபோது, ஒமக்காயாஸின் மக்கள் மேற்கே தள்ளப்படும் அச்சத்தில் வாழ்ந்தனர். இரு சிறுமியரும் பசித்திருந்தனர். இருவரும் குளிர்காலத்தில் வீட்டைக் காத்தனர். ஒருத்தியின் கதையைப் படித்து மற்றவளை மறப்பது நீதியாகாது. அதற்காக முதற் கதையைத் தீயிலிடவும் வேண்டுவதில்லை. இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதே எங்கள் தீர்மானம்.

நம் குடும்பங்களில்

இத்தகைய வாசிப்புக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நான்கைந்து பேர், ஒரு நூல், மாதம் ஒரு மாலை இவை போதும். எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். நூலைத் தேர்பவர் ஒவ்வொரு மாதமும் மாறட்டும். இல்லையேல் ஒருவருடைய சுவையே அனைவர்க்கும் விதியாகிவிடும். கதையில் வருபவர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புக் கூறுமுன், அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்று ஒருமுறை சுற்றிலும் கேட்டுவிடுங்கள். பேசாதிருப்பவரிடம் கடைசியாகவேனும் கருத்தைக் கேளுங்கள். முதியோரும் மாணவரும் ஒரே வட்டத்தில் அமரட்டும்.

அடுத்த மாதத்துக்கு வில்லா கேதரின் ‘பேராயரிடம் மரணம் வருகிறது’ என்ற 1927-ஆம் ஆண்டு நாவலைத் தேர்ந்துள்ளோம். சாந்தா பே நகரின் முதல் ஆயர் ஜான் பப்திஸ்த் லாமியின் வாழ்வைத் தழுவியது அது. கத்தோலிக்கர் அல்லாத ஓர் எழுத்தாளர், மறைபரப்பாளர் ஒருவரின் நெடும்பயணங்களையும் தனிமையையும் எவ்வளவு பரிவோடு கண்டிருக்கிறார் என்பதை அறிய ஆவலாயிருக்கிறோம்.

வட்டம் கலைந்தபின்னும் பேரெட்டின் பேச்சு ஓயவில்லை. செவிலியர் அன்று கூறியதைக் கேட்டபின், எங்களுள் இருவர், தெருக்கோடியில் புதிதாய்க் குடிவந்து யாரோடும் பேசாதிருந்த இளந்தாய் ஒருவரின் வீட்டுக்குச் சென்று வந்தனர். இப்போது அவர் சில மாலைகளில் கைக்குழந்தையோடு ஆசிரியை வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்காருகிறார். நூல்களைப் பற்றி அவர் இன்னும் ஏதும் பேசவில்லை. தம் ஊரைப் பற்றிப் பேசுகிறார். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.